நாடகத்திலும் மேல் கீழா?

இங்கிலாந்து தேசத்தில் லாரன்ஸ் ஒலிவியர் என்று ஒரு நடிகர் இருந்தார். 1907-ம் ஆண்டில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்து, சிறு வயதில் கோயில் பாடகர் பள்ளிக்கூடத்தில் படித்து, பிறகு ஷேக்ஸ்பியர் நாடகங்களில் அரசனாகவும் அரசகுமாரனாகவும் வேஷம் போட்டு உலகப் புகழ் பெற்றவர். 1947-ல் அவருக்கு ‘சர்’ பட்டம் கொடுத்தார்கள். 1970-ல் பிரபுப் பட்டமும் கொடுத்தார்கள். ஒரு நடிகனுக்குப் பிரபுப் பட்டம் என்பது அந்நாட்டில் அதற்குமுன் கேள்விப்படாத சங்கதி. 1572-ல் அதே நாட்டில் செய்த ஒரு சட்டம், எந்தப் பிரபுவிடமும் சேவகம் செய்யாத கூத்தாடியை ஊர்சுற்றிப் போக்கிரி என்று பிடித்துத் தண்டிக்கச் சொல்லிற்று. அப்படிப்பட்ட ஜாதியில் ஒருவர், 400 வருஷத்தில், பிரபுக்கள் சபையிலேயே போய் உட்கார்ந்தார் என்றால் அது சாமானியமான காரியமல்ல.

இவ்வளவு பெருமையும் அடைந்த மனிதருக்கு மனதில் ஒரு ஆசை வெகுநாளாக இருந்து வந்தது. அது இன்னொரு ராஜா வேஷம் போடவேண்டும் என்பதல்ல. நியூயார்க் பட்டணத்தில் போலீசுக்குப் பயந்து, இன்றைக்கு ஒரு சந்து நாளைக்கு ஒரு கொட்டகை என்று ஒளிந்து ஒளிந்து பகடை ஆட்டம் நடத்துகிற நாதன் டெட்ராயிட் என்ற கில்லாடியின் வேஷத்தைத் தாம் போடவேண்டும், அந்த நாடகத்தைத் தாம் தலைவராய் இருந்து நடத்திவரும் நேஷனல் தியேட்டரிலேயே போடவேண்டும் என்பதுதான். நாடகத்தின் பெயர் ‘கைஸ் அண்ட் டால்ஸ்’. நம் பேச்சில் சொன்னால் ‘ஆசாமிகளும் பொம்மைகளும்’ என்று ஆகும். பாட்டும் ஆட்டமும் நிறைந்த அமெரிக்க நாடகம்.

இதைப் படிக்கும் தோழர்கள் சிலர், “ஊரில் இருக்கிற சங்கதி போதாதென்று சீமைக் கூத்தாடியின் ஆசையை எழுத வந்துவிட்டீர்களா?” என்று கேட்கக்கூடும். கேட்கட்டும். ஒரு தேசத்து மக்கள் வரி கொடுத்துக் கட்டிய மேடையில் எது ஏறலாம் எது ஏறக்கூடாது என்று யார் தீர்மானிப்பது, எந்த யோக்கியதையைக்கொண்டு தீர்மானிப்பது என்கிற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. அந்தக் கேள்விக்குச் சீமை, உள்ளூர் என்கிற வித்தியாசம் கிடையாது. அன்றியும், நாடகத்தின் கதையைக் கேட்டால் நம் தோழர்களுக்குச் சிரிப்பு வராமல் இராது.

நியூயார்க்கில் ஒரு மிஷன் இருக்கிறது. பாவிகளைப் பிடித்து இரட்சிப்பது அதன் தொழில். அந்தத் தெருவில் பாவிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மிஷனுக்குள் வருகிற பாவிகளுக்குத்தான் பஞ்சம். தெருவில் நின்று வாத்தியம் வாசித்துக் கூப்பிட்டாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே மேலதிகாரியான அம்மாள் இந்தக் கிளையை மூடிவிடலாம் என்கிறார். வரவு இல்லாத கடையை மூடுவதுதானே வியாபார தர்மம்! இது ஒரு பக்கம். மற்றொரு பக்கம், நாதனுக்கு ஆட்டம் நடத்த இடம் வேண்டும். இடத்துக்காரன் 1000 டாலர் ரொக்கம் கேட்கிறான். அந்தப் பணத்துக்காக அவன் ஸ்கை மாஸ்டர்சன் என்ற பெரிய பந்தயக்காரனிடம், “அந்த மிஷன் பெண் சாரா பிரௌனை நீ ஹவானாவுக்கு அழைத்துக்கொண்டு போகமுடியாது” என்று பந்தயம் கட்டிவிடுகிறான்.

ஸ்கை என்ன செய்கிறான்? மிஷனுக்குப் போய், “அம்மா, நீ என்னோடு சாப்பாட்டுக்கு வந்தால் பன்னிரண்டு அசல் பாவிகளைக் கொண்டுவந்து உன் கூட்டத்தில் உட்கார வைக்கிறேன்” என்று சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறான். ஆத்மாக்களுக்குப் புரோநோட்டு! உலகத்தில் கடனுக்கு நெல் எழுதிக் கொடுத்ததுண்டு, நகை எழுதிக் கொடுத்ததுண்டு. ஆத்மாவை டஜன் கணக்கில் எழுதிக் கொடுத்ததை இந்த நாடகத்தில்தான் பார்க்கிறோம். சாரா முதலில் மறுக்கிறாள். கிளையை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஒத்துக்கொள்கிறாள்.

கடைசியில் அந்தக் கடன் எப்படித் தீருகிறது என்பதுதான் வேடிக்கை. பட்டணத்துச் சாக்கடைச் சுரங்கத்திற்குள் சூதாடிகள் கூடியிருக்கிறார்கள். ஸ்கை அங்கே போய், “நான் தோற்றால் ஆளுக்கு 1000 டாலர் கொடுக்கிறேன், ஜெயித்தால் நீங்கள் எல்லோரும் மிஷனுக்கு வரவேண்டும்” என்று பகடையை உருட்டுகிறான். ஜெயிக்கிறான். சூதாடிகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்து வரிசையாக உட்காருகிறார்கள். மேலதிகாரி அம்மாளுக்குப் பரம சந்தோஷம். கிளை பிழைத்தது. இதில் எந்தத் தெய்வம் வந்தது, எந்த ஒளி தெரிந்தது? ஒன்றுமில்லை. வந்தவர்கள் அத்தனைபேரும் பந்தயத்தில் தோற்றதால் வந்தவர்கள். இரட்சிப்பு என்பது எப்படி நடக்கிறது, அதன் கணக்குப் புத்தகத்தை யார் எழுதுகிறார்கள் என்பதைப் பத்துப் பிரசங்கத்தில் விளக்குவதைவிட இந்த ஒரு காட்சி நன்றாக விளக்கிவிடுகிறது.

மற்றொரு காட்சியையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சிக்காகோவிலிருந்து ஒரு முரடன் துப்பாக்கியோடு ஆட வருகிறான். சொந்தப் பகடை கொண்டு வருகிறான். எடுத்துப் பார்த்தால் அதில் புள்ளிகளே இல்லை! வெறும் கட்டை. “புள்ளிகளை அழித்துவிட்டேன், ஆனால் எது எங்கே இருந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது” என்கிறான். உருட்டுகிறான், தானே பார்த்து, தானே எண்ணிச் சொல்லி, தானே பணத்தை எடுத்துக்கொள்கிறான். எதிரே இருப்பவன் நம்பத்தான் வேண்டும். நம்பாவிட்டால் துப்பாக்கி. தோழர்களே, புள்ளியில்லாத பகடையை உருட்டிவிட்டு “உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், தட்சணையை வை” என்று சொல்லுகிற ஆசாமிகளை நாம் நாடகத்தில்தான் பார்த்திருக்கிறோமா? நாடகம் எழுதியவர்கள் இதை மனதில் வைத்து எழுதினார்கள் என்று நாம் சொல்லவில்லை. சிரிக்கவைக்க எழுதினார்கள். ஆனால் உண்மையான சிரிப்பு எங்கே போய்த் தைக்கும் என்று எழுதியவனாலும் சொல்லமுடியாது.

இந்நாடகம் 1950-ம் ஆண்டு நவம்பர் மாதம் நியூயார்க்கில் அரங்கேறி 1200 தடவை நடந்தது. பாட்டும் இசையும் பிராங்க் லெஸ்ஸர். டேமன் ரன்யன் என்ற பத்திரிகைக்காரர் சூதாடிகளையும் தெருப் பேர்வழிகளையும் பற்றி எழுதிய கதைகளிலிருந்து எடுத்தது. முதலில் ஜோ சுவெர்லிங் என்பவர் எழுதிய வசனம் சரிப்படவில்லை என்று, ஏப் பர்ரோஸ் என்பவரைக்கொண்டு, முன்பே போட்டுவைத்த பாட்டுகளுக்குப் பொருந்தும்படியாகக் கதையையே திரும்ப எழுதினார்கள். வீட்டைக் கட்டி ஜன்னல் வைப்பது வழக்கம். இவர்கள் ஜன்னலைச் செய்துவைத்துக்கொண்டு அதைச் சுற்றி வீடு கட்டினார்கள். வீடோ ஒரு கல்கூட ஆடாமல் நிற்கிறது. 1951-ல் அந்நாட்டின் பெரிய பரிசாகிய புலிட்சர் பரிசுக்கு இது தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் பர்ரோஸ் பொதுவுடைமைக்காரர்களோடு சகவாசம் வைத்திருந்தார் என்று சந்தேகிக்கப்பட்டவர். அதற்காகப் பரிசை நிர்வகித்த கொலம்பியா பல்கலைக்கழகத்தார் கையை மூடிக்கொண்டார்கள். அவ்வருஷம் நாடகத்துக்குப் பரிசே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். சுதந்தரப் பூமியின் யோக்கியதை அது!

லண்டனுக்கு இது 1953-ல் வந்து 555 தடவை நடந்தது. அப்போது இதை அதே தெருப் பேச்சு நடையில் எழுதிப் புகழ்ந்த விமர்சகர் கென்னத் டைனன். பத்து வருஷம் கழித்து, 1963-ல், நேஷனல் தியேட்டர் ஆரம்பமானபோது ஒலிவியர் அதன் முதல் தலைவரானார்; டைனன் நாடகத் தேர்வுக்கு யோசனை சொல்லும் உத்தியோகத்தில் அமர்ந்தார். ஆக, ஆசையுள்ளவர் இருவர் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்தார்கள். ஆனால் ஆசை நிறைவேறும் வழியைத்தான் காணோம்.

காரணம் என்ன? நேஷனல் தியேட்டர் என்பது சர்க்கார் பணத்தில் நடப்பது. இப்படியொரு நாடகசாலை வேண்டும் என்று அந்நாட்டில் 1848-லேயே பேச ஆரம்பித்து, நூறு வருஷம் பேசி, 1949-ல்தான் பார்லிமெண்டில் சட்டம் செய்து 10 லட்சம் பவுன் வரை செலவழிக்க அனுமதித்தார்கள். அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த மேடையில் பகடைக்காரனை ஏற்றுவதா என்பது மேதாவிகள் பக்கத்து ஆட்சேபணை. இவ்வகை ஆட்சேபணைகளைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம்.

இது இலாபத்துக்காக எழுதிய நாடகம், ஆகையால் மட்டம் என்பார்கள். ஷேக்ஸ்பியர் எதற்காக எழுதினார்? தருமத்துக்கா? அவர் தமது நாடகக் கம்பெனியில் பங்குதாரர். வசூலில் பங்கு வாங்கிச் சொந்த ஊரில் பெரிய வீடு வாங்கினவர். இரண்டாவதாக, இது சூதாடிகளையும் கூத்துக்காரிகளையும் பற்றியது என்பார்கள். ஷேக்ஸ்பியரின் பால்ஸ்டாப் யார்? கள்ளுக்கடையில் குடித்துவிட்டுக் கடன் வைக்கிறவன், வழிப்பறிக்குப் போகிறவன், பொய் சொல்லுவதில் சூரன். அவனை மேடையில் பார்த்துப் பண்டிதர்கள் ஆனந்தக் கண்ணீர் விடுகிறார்கள். குளோப் என்ற அந்த நாடகக் கொட்டகை இருந்த இடம் எது? தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், நகரசபையின் கைக்கு எட்டாத பக்கத்தில், கரடியைக் கட்டிவைத்து நாயை ஏவி வேடிக்கை பார்க்கும் கொட்டடிகளுக்கு நடுவில். ஒரு பென்னி கொடுத்துவிட்டுக் கூலிக்காரனும் வேலைக்காரப் பையனும் வெயிலிலும் மழையிலும் நின்றுகொண்டு பார்த்தார்கள். பாதிரிமார்கள் மேடையேறி நாடகம் பாவம் என்று வைதார்கள். அந்தக் காலத்து மட்டமான சரக்கு இந்தக் காலத்து வேதம் ஆகிவிட்டது. அப்படியானால் 400 வருஷம் கழிந்தால் எந்த நாடகத்துக்கும் பூணூல் போட்டுவிடலாம் போலும்! காலம் கழிவதுதான் யோக்கியதை என்றால், கடையில் நல்ல சரக்குக்குப் பதில் பழைய சரக்கைத்தான் வாங்கவேண்டும்.

மூன்றாவதாக ஒன்று சொல்லுவார்கள்: பாமர மக்கள் விரும்புவதைத் தனியார் கொட்டகைகள் போட்டுக்கொள்ளட்டும், பொதுப்பணம் உயர்ந்ததற்கே என்று. பாமரன் கொடுக்கும் வரி மட்டும் உயர்ந்த காரியத்துக்கு ஆகும், பாமரனின் ரசனை ஆகாது என்றால், அது என்ன நியாயம்? கிணறு வெட்ட ஆள் வேண்டும், தண்ணீர் எடுக்க மட்டும் தள்ளி நில் என்கிற நியாயந்தானே இது!

ஆனால் ஜனங்கள் கைதட்டுவதெல்லாம் நல்லது என்று நாம் சொல்ல வரவில்லை. ஜனங்கள் தேருக்கும் கைதட்டுகிறார்கள், தீமிதிக்கும் கைதட்டுகிறார்கள். நாம் சொல்லுவதெல்லாம், ஒரு நாடகத்தை அதன் வேலைப்பாட்டையும் அறிவையும் கொண்டு அளக்கவேண்டுமே ஒழிய, அது எந்தத் தெருவில் பிறந்தது என்று கேட்கக்கூடாது என்பதுதான். ஒலிவியர் இதை அறிந்திருந்தார். ஹாம்லெட்டாக நடித்த வாயால் 1953-ல் ‘பிச்சைக்காரர் நாடகம்’ என்ற படத்தில் வழிப்பறிக்காரனாகத் தாமே பாடினார். படம் ஓடவில்லை, அதனால் அவர் ஆசை அடங்கவுமில்லை.

கடைசியில் 1971-ல் போடுவதென்று ஏற்பாடாகி, ஒத்திகையும் ஆரம்பித்தார். ஆனால் உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1967-ல் புற்றுநோய்க்கு வைத்தியம் செய்துகொண்டவர். 1970-ல் காலில் இரத்தம் உறைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர். நாடகம் கைவிடப்பட்டது. 1973-ல் தலைமைப் பதவியை விட்டார். 1976-ல் ஆற்றின் தென்கரையில், பழைய குளோப் இருந்த அதே கரையில், புதுக் கட்டடம் திறந்தபோது பெரிய அரங்கத்துக்கு ஒலிவியர் என்றே பெயர் வைத்தார்கள். திறப்புவிழாவில் அந்த மேடையில் நின்று பேசினார். அங்கே நடிக்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அவர் விட்ட காரியத்தை ரிச்சர்ட் அயர் என்ற இயக்குநர் 1982-ம் ஆண்டு மார்ச் மாதம் 9-ந் தேதி அதே ஒலிவியர் அரங்கத்தில் செய்து முடித்தார். அப்போது அந்நாட்டில் 30 லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலையின்றித் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சமயத்தில் பாட்டும் ஆட்டமும் ஒரு கேடா என்று கேட்டால், நாம் திருப்பிக் கேட்போம்: வேலையில்லாதவன் துன்ப நாடகம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் அடுப்பு எரியுமா? நாடகம் சோறு போடாது. அது போடவேண்டியது வேறு.

அயர் செய்த காரியத்தில் நமக்குப் பிடித்தது, அவர் இதை ஒரு நாளைக்குக் கூத்தடிக்கலாம் என்று இளக்காரமாகச் செய்யவில்லை என்பது. ஷேக்ஸ்பியர் நாடகத்துக்கு வசனத்தை எப்படி வரிவரியாக ஆராய்வார்களோ அப்படி ஆராய்ந்தார். நாதனாக நடித்த பாப் ஹாஸ்கின்ஸ் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். ஜான் கண்டர் மேடை முழுவதும் நியூயார்க் தெருவின் நியான் விளக்குகளை எரியவிட்டார். முடிவில் நடிகர் அத்தனைபேரும் வரிசையாக நின்று செருப்பால் தாளம் தட்டி ஆடினார்கள். கூட்டம் அலைமோதிற்று. அய்ந்து பரிசுகள் கிடைத்தன. 1984-ல் திரும்ப வந்தது. 1985-ல் தனியார் கொட்டகைக்குப் போயிற்று. 1996-ல் அயரே மீண்டும் போட்டார். அப்போது அவர் அந்த நேஷனல் தியேட்டருக்கே தலைவர்.

இந்த நாடகத்தில் ஸ்கை மாஸ்டர்சனாக நடித்தவர் இயன் சார்ல்சன். ‘சேரியட்ஸ் ஆப் பயர்’ என்ற 1981-ம் ஆண்டுப் படத்தில் பக்திமானான ஓட்டக்காரனாக வந்தவர். அவருக்கு எய்ட்ஸ் நோய் கண்டது. நோயோடு, 1989-ல், அதே ஒலிவியர் அரங்கத்தில், அதே அயரின் இயக்கத்தில், ஹாம்லெட்டாக நடித்தார். பகடைக்காரனாக நின்ற மேடையில் அரசகுமாரனாக நின்றார். இரண்டும் ஒரே தொண்டை, ஒரே உடம்பு, ஒரே பயிற்சி. இதில் எது மேல், எது கீழ் என்று பிரிக்கும் பண்டிதர் கத்தியைக் கொண்டுவரட்டும், பார்ப்போம். 1990-ம் ஆண்டு ஜனவரியில் 40-வது வயதில் அவர் இறந்தார். இறந்த காரணத்தை மறைக்கவேண்டாம், வெளியே சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த நோய் என்றால் பாவத்தின் சம்பளம் என்று சொல்லிப் பக்திமான்கள் விலகி ஓடிய காலம் அது. அந்தக் காலத்தில் அப்படிச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

அவர் சிநேகிதர்கள் அவர் ஞாபகத்துக்கு என்ன செய்தார்கள்? அந்த நவம்பரில் பழைய நடிகர்களும் வாத்தியக்காரர்களும் ஏறக்குறைய எல்லோரும் திரும்பக் கூடி, இரண்டு ஆட்டம் ‘கைஸ் அண்ட் டால்ஸ்’ நடத்தினார்கள். சீட்டுகள் உடனே விற்றுத் தீர்ந்தன. ஒத்திகைக்கே கூட்டம் நிரம்பிற்று. வந்த பணத்தை அந்நோய்க்கு வைத்தியம் செய்ய ஆஸ்பத்திரியில் அவர் பெயரால் ஏற்பட்ட பிரிவுக்கும், நடிப்புப் படிக்கும் பிள்ளைகளின் உபகாரச் சம்பளத்துக்கும் கொடுத்தார்கள். செத்தவருக்கு மோட்சம் வாங்கித்தரச் செலவழித்த பணத்தில் ஒருவனுக்காவது ஜுரம் இறங்கியதாக நாம் கேட்டதில்லை. இவர்கள் செலவு வைத்தியசாலைக்குப் போயிற்று.

நாடகத்தின்மேல் நமக்குக் குறையும் உண்டு. மேற்சொன்ன சமாதானங்களால் அது மறைந்துவிடாது. ஆண்களுக்கு ஆசாமிகள் என்று பெயர், பெண்களுக்குப் பொம்மைகள் என்று பெயர்! நாதனுக்கு அடிலெய்டு என்ற ஆட்டக்காரி பதினான்கு வருஷமாக நிச்சயம் செய்யப்பட்டவளாகவே காத்திருக்கிறாள். தாயாருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதென்றும் பிள்ளைகள் பிறந்தன என்றும் பொய்க் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஓயாத ஜலதோஷம். ஒரு வைத்தியப் புத்தகத்தை எடுத்துப் படிக்கிறாள். கல்யாணமாகாமல் காத்துக்கிடக்கும் மனக்கவலையே உடம்பில் நோயாக வரும் என்று அதில் போட்டிருக்கிறது. கிரகத்தின்மேல் பழிபோடாமல் புத்தகத்தைப் பார்த்துக் காரணம் தேடின மட்டில் அவள் புத்திசாலி. ஆனால் மருந்து என்ன? அந்த நாதனையே கட்டிக்கொள்வது! காத்திருக்க வைத்தவனை விட்டுத்தொலைத்தால் தும்மல் நிற்குமா என்று அவளும் கேட்கவில்லை, எழுதினவர்களும் கேட்கவில்லை. முடிவில் அவளும் சாராவும் சேர்ந்து, முதலில் கட்டிக்கொள்வோம், திருத்துவதைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று பாடித் தீர்மானிக்கிறார்கள். பாட்டு இனிமையானதுதான். பெண்கள் பதினான்கு வருஷம் தும்மினதற்கு அது பதிலாகாது.

இதை இந்நாளிலும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நேஷனல் தியேட்டரின் இன்னொரு முன்னாள் தலைவரான நிக்கலஸ் ஹைட்னர் 2023-ல் லண்டன் பிரிட்ஜ் தியேட்டரில் இதைப் போட்டார். மேடை துண்டு துண்டாக எழும்பி இறங்க, ஒரு பகுதி ஜனங்கள் நடிகர்களுக்கு நடுவிலேயே நின்றுகொண்டு பார்த்தார்கள். 2025 ஜனவரி வரை நடந்தது. ஒலிவியர், அயர், ஹைட்னர் என்று இதன்மேல் ஆசைப்பட்ட பெரியவர்கள் எல்லோரும் ஆண்களாகவே வந்து வாய்த்திருக்கிறார்கள். அடுத்தபடி இவ்வளவு பெரிய மேடையோடு இந்நாடகம் ஒரு பெண்ணின் கைக்குப் போனால், அடிலெய்டின் ஜலதோஷத்துக்கு வேறு மருந்து அகப்படக்கூடும்.